ரொட்டி வண்டியில் லுக்பானுக்கு

வண்டி புலோவினுடையது அல்ல,
பேக்கரி முதலாளியுடையது.
பின்கதவில் சிரிக்கும் ஒரு பன்,
அதற்கு ஒரு கண் உரிந்துபோயிருந்தது.

அதிகாலை மூன்று மணி.
ஒஹாயோக்காரர்களின் மின்கட்டணப் புகார்களை
இரவெல்லாம் கேட்டுவிட்டு
ஹெட்போன் அழுத்திய காதுகளோடு ஏறினோம்.
முன்னிருக்கை இரண்டுதான்.
லுவால்ஹாதிக்கு வாந்தி வரும் என்பதால்
அவளுக்கு ஒன்று.
நானும் ஒனெசிமோவும் பின்னால்,
தட்டு அடுக்கும் கம்பிகளுக்கிடையே
காலி மாவுச் சாக்குகளின் மேல்.

அங்கே சன்னல் கிடையாது.
ஆகவே வழியை நான் பார்க்கவில்லை.
பன்சோலில் வெந்நீர்க் குளங்களின் கந்தகம்,
ஏரிக்கரையில் மீன்,
பக்சாங்ஹானில் மழை:
அது தகரத்தின் மேல் கடலை வறுத்தது.
திருப்பம் வரும்போதெல்லாம் புலோ
"இடது!" என்று கத்துவான்,
நாங்கள் வலப்பக்கம் போய் விழுவோம்.

காவின்த்தி ஏற்றத்தில் எஞ்சின் கொதித்தது.
குடிக்க வைத்திருந்த தண்ணீரை எல்லாம்
ரேடியேட்டர் குடித்தது.
மூன்று மணி நேரம்.
ஒனெசிமோ சாக்கில் குறட்டை விட்டான்.
லுவால்ஹாதி சாலையோரம் குந்தி
எதிரே இருந்த வயலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்,
கடன்காரன் வீட்டு வாசலைப் பார்ப்பதுபோல.
"என்னடி?" என்றேன்.
"தண்ணியை இன்னும் வடிக்கல பாரு" என்றாள்,
அவ்வளவுதான்.

லுக்பானில் நுழையும்போது மத்தியானம் சாய்ந்திருந்தது.
ஊர்வலம் முடிந்து
புனித இசிதோரோ கோவிலுக்குத் திரும்பிவிட்டார்.
ஆனால் வீடுகள் அப்படியே நின்றன,
சட்டையில்லாமல், காய்கறி உடுத்திக்கொண்டு.
பால்கனியில் முள்ளங்கி, பாகற்காய்,
கயிற்றில் கோத்த லாங்கனீசா,
அன்னாசியில் செய்த ஒரு முதலை,
எல்லாவற்றுக்கும் மேலே கிப்பிங்:
சிவப்பாய், மஞ்சளாய், ஊதாவாய்
கொத்துக் கொத்தாய்த் தொங்கும் அரிசி இலைகள்.
மரத்து இலையில் மாவைப் பூசி
ஆவியில் அவித்து உரிப்பார்களாம்.
இலையைத் தூர எறிந்துவிடுவார்கள்,
அதன் நரம்பெல்லாம் மாவில் இருக்கும்.

வாழையிலையில் நூடுல்ஸ் வாங்கினோம்.
கை கூடாது, முள்கரண்டி கூடாது,
இலையோடு தூக்கி வாய்க்குள் கவிழ்க்க வேண்டும்.
புலோவுக்கு வினிகர் மூக்கில் ஏறி
அழுதான், சிரித்தான், இன்னொரு இலை கேட்டான்.

ஒரு நீல வீட்டுச் சன்னலில் நெற்கதிர்க் கட்டு.
லுவால்ஹாதி ஒரு மணியைக் கிள்ளி
கடைவாயில் வைத்துக் கடித்தாள்.
"ரெண்டு நாள் வெயில் போதாது இதுக்கு."
வீட்டுக்காரி திரும்பிப் பார்த்தாள்:
"எந்த ஊர் விவசாயி நீ?"
"நிலம் இல்லைங்க. இருந்தது.
இப்போ அது மேல நாற்பத்திரண்டு வீடு.
எல்லாத்துக்கும் ஒரே மாதிரி கேட்."

ஆறு வருடம் அடுத்தடுத்த நாற்காலி.
அவளுக்குப் பிடித்த சிப்ஸ் தெரியும்,
சம்பளத் தேதியில் பர்சில் எவ்வளவு மிஞ்சும் தெரியும்.
இது தெரியாது.
ஒனெசிமோ ஏதோ ஜோக் சொல்ல வாயெடுத்து
மூடிக்கொண்டான்.

இருட்டும் நேரம் ஊரே அவிழ்ந்தது.
ஏணிகள், கொக்கிகள், பிள்ளைகளின் கூச்சல்,
மேலிருந்து எறிகிறார்கள், கீழே பிடிக்கிறார்கள்.
எனக்கு உடைந்த கிப்பிங் ஒன்று,
ஒனெசிமோவுக்கு முதலையின் வால்.
நீல வீட்டுக்காரி கட்டை அறுத்து
லுவால்ஹாதியின் கையில் திணித்தாள்:
"சரியா காய வை அப்ப, நீயே."

திரும்பும்போது அவள் பின்னால் வந்தாள்,
நான் முன்னால்.
சாலையைப் பார்த்தேன்,
எல்லாம் இருட்டு.
பின்னாலிருந்து திருப்பத்துக்குத் திருப்பம்
மணி உதிரும் சத்தம், மிகச் சின்னதாக,
அல்லது எனக்கு அப்படித் தோன்றியது.

ஜூன் மழையில் வண்டிக் கூரை ஒழுகியது.
ரப்பர் விரிப்பின் கிழிசலில்
விரல் நீளம் பச்சை.
புலோ போட்டோ அனுப்பினான்.
லுவால்ஹாதி பதில் போடவில்லை,
கழிப்பறைக்குப் போய் வெகுநேரம் இருந்தாள்.

வண்டியைச் சுத்தமாக வைக்கவில்லை என்று
முதலாளி ஐம்பது பெசோ பிடித்துக்கொண்டார்.
நாலு பேரும் பங்கு போட்டோம்.
பன்னிரண்டரை.